புரொபேட் இல்லாமல் சொத்தைப் பிள்ளைகளிடம் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பத்திரம் எழுதிக் கொடுத்தும் பாகப்பிரிவினை வழக்கு நடத்தியும் எனக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "கோர்ட் படி ஏறாம வீட்டைப் பிள்ளைங்க பேருக்கு மாத்த வழி இருக்கா சார்?" வழி நாலைந்து இருக்கிறது. ஆனால் அவற்றில் சில, பிள்ளைகளின் அலைச்சலைக் குறைத்துவிட்டுப் பெற்றவர்களைத் தெருவில் நிறுத்திவிடும். அதையும் சேர்த்தே சொல்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உள்ள வித்தியாசம் பின்னால் வருகிறது.

புரொபேட் என்றால் என்ன?

ஒருவர் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்துபோகிறார். அந்த உயில் உண்மையானதுதான், சட்டப்படி எழுதப்பட்டதுதான் என்று நீதிமன்றம் பார்த்து முத்திரையிட்டுக் கொடுக்கும் சான்றுதான் புரொபேட். உயிலை நிறைவேற்ற ஒருவரை, அதாவது எக்ஸிகியூட்டரை, உயிலிலேயே நியமித்திருந்தால் அவர் பெயரில் புரொபேட் கிடைக்கும். அப்படி யாரையும் குறிப்பிடவில்லை என்றால் உயிலை இணைத்து நிர்வாக உரிமை ஆணை கேட்க வேண்டும். எல்லா வாரிசுகளுக்கும் நோட்டீஸ் போகும். ஒருவர் ஆட்சேபித்தால்கூட அது சாதாரண சிவில் வழக்கு மாதிரி ஆகிவிடும். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. மக்கள் பயப்படுவது இந்த இடத்தில்தான்.

எல்லா உயிலுக்கும் புரொபேட் கட்டாயமா?

ஒருபோதும் அப்படி இருந்ததில்லை. இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம், வங்காளப் பகுதிக்கும் சென்னை, பம்பாய் என்ற இரண்டு நகரங்களுக்கும் மட்டும்தான் பொருந்தியது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதே கோட்டை அப்படியே வைத்துக்கொண்டது. இந்துக்களைப் பொறுத்தவரை, உயில் சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்டிருந்தாலோ, உயிலில் உள்ள வீடு, மனை அந்த எல்லைக்குள் இருந்தாலோதான் 213ஆம் பிரிவின்படி புரொபேட் வேண்டியிருந்தது. மதுரையில் எழுதி மதுரைச் சொத்தை மட்டும் பற்றிய உயிலுக்கு அது தேவைப்படவே இல்லை. அதே மதுரைக்காரருக்கு மயிலாப்பூரில் ஒரு வீடு இருந்தால் தேவைப்பட்டது. தஞ்சாவூர் நிலத்தைப் பற்றி மட்டும் பேசும் உயிலாக இருந்தாலும், திருவல்லிக்கேணியில் உட்கார்ந்து எழுதினால் அதுவும் மாட்டிக்கொண்டது! ஊர் பார்த்து உயில் எழுதும் இந்த வேடிக்கை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது.

இப்போது அந்த 213ஆம் பிரிவே இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரத்து மற்றும் திருத்தச் சட்டம் அதை நீக்கிவிட்டது. இனிமேல் புரொபேட் வாங்குவது அவரவர் விருப்பம். அதற்கு முன்பே இறந்தவரின் உயில் கையில் இருந்தால், அல்லது ஏற்கெனவே மனு போட்டிருந்தால், உங்கள் வழக்கறிஞரிடம் பேசாமல் எதையும் வாபஸ் வாங்காதீர்கள்.

சரி, கட்டாயமே போய்விட்டதே. அப்புறம் என்ன கவலை?

கட்டாயம் போனதால் உயிலின் மீதுள்ள சந்தேகம் போய்விடவில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் வீடு என்று எழுதினால் மற்ற பிள்ளை "அப்பாவுக்கு அப்ப சுயநினைவே இல்லை" என்று வழக்குப் போடத்தான் போகிறார். வீட்டை வாங்க வருகிறவரின் வக்கீலும், கடன் கொடுக்கும் வங்கியும், பிரச்சினை வாசனை அடித்தால் புரொபேட் கேட்கத்தான் செய்வார்கள். நீதிமன்றத்தைத் தவிர்ப்பது சட்டப் பிரிவின் கையில் கொஞ்சமும் நம் குடும்பத்தின் கையில் நிறையவும் இருக்கிறது.

எதுவுமே எழுதாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

புரொபேட் என்ற பேச்சே எழாது, ஏனென்றால் உயிலே இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 சொல்கிறபடி சொத்து பிரியும். ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் எல்லோருக்கும் சம பங்கு. கவனித்தீர்களா, தாயாருக்கு உண்டு; தகப்பனாருக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. மகன் இறந்த வீட்டில் மருமகளும் மாமியாரும் பேரப்பிள்ளைகளும் சமமான பங்காளிகளாக நிற்பது இதனால்தான். மாமியார் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை விற்க முடியாது.

பெண்ணின் சொத்து வேறு கணக்கு. குழந்தையும் கணவரும் இல்லாத பெண் சொந்தமாகச் சம்பாதித்தது, அவளைப் பெற்றவர்களுக்கு முன்னால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றோர் வழியில் வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளிடம் திரும்பும். முப்பது வருடம் ஆசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணம், முகம்கூடப் பார்க்காத கொழுந்தனார் மகனுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை இல்லாத பெண்கள் தயவுசெய்து உயில் எழுதிவிடுங்கள்.

எழுதாமல் விடும் வழி எல்லோரும் ஒற்றுமையாக இருக்கும் வீட்டுக்குச் சரிவரும். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் போடலாம். அல்லது ஒருவருக்காக மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். ஒருவர் முறுக்கிக்கொண்டால் எல்லாம் நின்றுவிடும்.

உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா?

இதுதான் தான செட்டில்மென்ட். தமிழ்நாட்டில் புரொபேட்டைத் தவிர்க்க அதிகம் பேர் போகும் பாதை இது. சொத்துக்காரர் பணம் எதுவும் வாங்காமல், பாசத்தின் பேரில், பிள்ளைக்கோ மனைவிக்கோ எழுதிக் கொடுக்கிறார். பதிவு கட்டாயம். இரண்டு சாட்சிகள் வேண்டும். வாங்குகிறவர், கொடுக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பத்திரத்திலேயே "மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டேன்" என்று வாங்குகிறவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் தகராறு குறையும்.

அதோடு சொத்து அன்றைக்கே மகன் பெயருக்குப் போய்விட்டது. நீங்கள் இறக்கும்போது அது உங்கள் சொத்தே இல்லை. எனவே உயில், புரொபேட், வாரிசுச் சான்றிதழ் எதுவும் அந்த வீட்டுக்குத் தேவையில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் மகன் பெயர் வரும், பட்டாவும் மாற்றிக்கொள்ளலாம். பதிவு அலுவலகத்தில் அரை நாள் வேலை.

அந்த அரை நாளில்தான் பலரும் வாழ்நாள் சம்பாத்தியத்தை மொத்தமாகக் கைநழுவ விடுகிறார்கள் என்பதும் உண்மை. அடுத்த சில கேள்விகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலை வரை இந்த உச்சவரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புப்படி 80 லட்சம் பெறும் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தால் அரசுக்குக் கட்டுவது 50,000 ரூபாயும் சில்லறைக் கட்டணங்களும். அதே வீட்டைக் கிரயம், அதாவது விற்பனை, என்று எழுதினால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 7 லட்சத்து 20 ஆயிரம். பெற்றோர், கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள் குடும்பக் கணக்கில் வருவார்கள். மருமகனுக்கோ மருமகளுக்கோ நேரடியாக எழுதப்போகிறீர்கள் என்றால் முதலில் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். குடும்பத்துக்கு வெளியே என்றால் கிரயத்தின் விகிதம் வந்துவிடும்.

உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதலாம்.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

முடியாது என்றுதான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் மகன் மேல் கோபம் வந்தால் அப்பா தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிட்டு வருவார். ஒருவர் மட்டும் வந்து செட்டில்மென்டை ரத்து செய்ய முடியாது, சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு அந்த வழி அடைபட்டது. ஏமாற்றியோ மிரட்டியோ எழுதி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். "இப்ப அவன் என்னைக் கவனிக்கிறதில்லை" என்பது மட்டும் சிவில் நீதிமன்றத்தில் போதாது.

60 வயது கடந்தவர்களுக்கு வேறொரு கதவு இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23. என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரம் செல்லாது என்று வருவாய்க் கோட்டாட்சியரிடம் கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில்தான் இழுபறி. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்டினால்தான் இந்தப் பிரிவு உதவும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது பெரியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. "அன்பும் பாசமும் காரணமாக" என்று எழுதினாலே அதற்குள் கவனிப்பும் அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025ல் சொன்னது. மகிழ்ச்சிதான். ஆனாலும் 78 வயதில் ஒருவர் இதற்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்து பெஞ்சில் காத்திருப்பதைவிட, பத்திரத்தில் ஒரு பத்தி கூடுதலாக எழுதிவிடலாம். உணவு, மருத்துவம், தங்குமிடம் தர வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் ரத்தாகும் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். "பையன் மனசு கஷ்டப்படும்" என்று இதை எழுதத் தயங்குகிறவர்கள் நிறைய. மனசு கஷ்டப்படுகிற பையன் எப்படியும் கவனிக்கப்போகிறவன்தான். அவனுக்கு அந்தப் பத்தியால் எந்த நஷ்டமும் இல்லை.

எழுதிக் கொடுத்த பிறகும் நான் அந்த வீட்டிலேயே இருக்க முடியுமா?

முடியும். ஆயுள்கால அனுபவ உரிமையை உங்களுக்கு நிறுத்திக்கொண்டு எழுத வேண்டும். வீட்டின் உரிமை இன்றே மகளுக்கு. குடியிருப்பதும் வாடகை வாங்குவதும் உங்கள் காலம்வரை உங்களுக்கு. சுவாதீனம், அதாவது வீட்டின் கைவசம், இன்னும் அம்மாவிடமே இருக்கிறது என்பதால் தானம் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2014ல் தெளிவாக்கியிருக்கிறது. உங்களுக்குப் பின் உங்கள் மனைவி அல்லது கணவருக்கும் அதே உரிமை என்று சேர்ப்பதை மறக்காதீர்கள். அப்பாவுக்கு மட்டும் எழுதிவிட்டு அம்மாவை விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்திரத்தின் தலைப்பு செட்டில்மென்ட் என்று இருக்கும். உள்ளே "என் ஆயுளுக்குப் பிறகு இந்தச் சொத்தை என் மகன் அடைந்துகொள்ள வேண்டியது" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் இன்றைக்கு எதுவும் மாறவில்லை, எல்லாம் சாவுக்குப் பிறகுதான். நீதிமன்றம் தலைப்பைப் பார்க்காது. இது உயில்தான் என்று வாசித்துவிடும். உயில் என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பின்னால் சாட்சி வைத்து நிரூபிக்கவும் வேண்டும். முத்திரைத் தீர்வை கட்டியதற்குப் பலன் இல்லாமல் போகும். "இன்று முதல் உரிமை உன்னுடையது, அனுபவம் மட்டும் என் காலம்வரை என்னுடையது" என்ற பொருள் வருகிற மாதிரி வாசகம் இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் பெயருக்கு எழுதலாமா?

வீடு, மனை, அடுக்ககம் என்றால் எழுதலாம். நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்றால் கூடாது. அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தைக் கிரயமாகவோ தானமாகவோ வாங்க முடியாது. ஆனால் வாரிசாக அடையலாம். ஆகவே கும்பகோணத்துப் பக்கம் வயல் வைத்திருப்பவர், அயல்நாட்டு மகனுக்கு அதைச் சேர்க்க வேண்டும் என்றால் செட்டில்மென்டை மறந்துவிட்டு உயில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டாலும் அவன் பங்கு அவனுக்கு வரும். பதிவு அலுவலகத்தில் யாரும் கேள்வி கேட்காமல் பதிந்துவிடக்கூடும். சிக்கல் விற்கும்போது தலைகாட்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள்: அங்கே பல மாநிலங்களில் வீட்டுக்கே "நான் இறந்ததும் இன்னாருக்கு" என்று ஒரு பத்திரம் பதிந்து வைக்க முடிகிறதே, இங்கே இல்லையா என்று. இல்லை. நம் ஊரில் நிலத்துக்கும் வீட்டுக்கும் அப்படியொரு ஏற்பாடு கிடையாது. ஆயுள் உரிமையோடு கூடிய செட்டில்மென்ட்தான் கிட்டத்தட்ட அதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் அங்கே போலத் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது.

பேரனுக்கு நேரடியாக எழுதலாமா? அவனுக்கு வயது எட்டு.

எழுதலாம், அவனுக்காகக் காப்பாளர் ஏற்றுக்கொள்வார். ஆனால் அவனுக்கு 18 ஆகும்வரை அந்தச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். கோர்ட்டைத் தவிர்க்க ஆரம்பித்து கோர்ட்டிலேயே வந்து நிற்கும் கதை. மகன் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்கள். விற்றுத் தின்றுவிடக்கூடாது என்பதே நோக்கம் என்றால் சரியான வழிதான்.

வீட்டின் மேல் கடன் இருக்கிறது.

முதலில் கடன், அப்புறம் செட்டில்மென்ட். அசல் பத்திரம் வங்கியில் இருக்கும்போது அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுதினால் மகனுக்குக் கடனோடுதான் வீடு வரும்.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டுவிட்டேன். பணம் அவருக்குத்தானே?

இந்த ஒரு தவறான எண்ணம் உடைத்த குடும்பங்களுக்குக் கணக்கில்லை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் கை. வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு தீர்ந்தது. பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவுசெய்யும். காப்பீட்டில் 1983லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. பங்குகளுக்கும் இதுதான் விதி என்று 2023 டிசம்பரில் உறுதிசெய்தது.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. சித்தப்பா கல்யாணத்துக்கு முன்பு ஒரு வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கு என் அப்பாவை நாமினியாக எழுதியிருந்தார். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, புதுப்பித்துக்கொண்டே வந்தவர் நாமினியை மாற்றவே இல்லை. அவர் திடீரென்று போனபோது வங்கி சித்தியைத் திருப்பி அனுப்பிவிட்டு அப்பாவை வரச்சொன்னது. அப்பா பணத்தை வாங்கிய கையோடு சித்தியிடம் கொடுத்தார். எல்லா அண்ணன்மாரும் அப்படிச் செய்வார்கள் என்று என் தொழிலில் இருந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது.

வருங்கால வைப்புநிதியான பி.எஃப்.பில் விதி இன்னும் கறார். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாமல் போய்விடும். புதிதாகப் போட வேண்டும்.

காப்பீட்டில் 2015ல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் அவர்களே பயனாளிகள் என்கிறது. அது மற்ற வாரிசுகளை முழுக்க ஒதுக்கிவிடுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. எனவே உயிலில் யாருக்கோ, நாமினியாக வேறு யாரோ என்று வைக்காதீர்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் சண்டைக்கு இடமே இல்லை.

2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கும் சதவீதம் பிரித்துப் போடலாம், அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாகப் போடலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். இரண்டு மகள்கள் இருந்தும் "மூத்தவள்தானே" என்று ஒருத்தி பெயரை மட்டும் எழுதியவர்கள், அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது மாற்றிவிட்டு வாருங்கள்.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கு போதாதா?

"இருவரில் ஒருவர் அல்லது மீதமிருப்பவர்" என்ற முறையில் இருந்தால் பணம் எடுக்கத் தடை இருக்காது. அன்றாடச் செலவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் பணத்தின் உரிமை என்று வந்தால் நாமினிக்குச் சொன்னதுதான் இங்கேயும். நாமினியும் இல்லை, கூட்டுக் கணக்கும் இல்லை என்றால் 15 லட்சம் வரை நீதிமன்றச் சான்று கேட்காமல் எளிய முறையில் தர வேண்டும், ஆவணங்கள் வந்து 15 நாளில் முடிக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025ல் விதி போட்டிருக்கிறது. கூட்டுறவு வங்கிகளுக்கு அந்த வரம்பு 5 லட்சம்.

மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது போதுமா?

போதாது. பவர் கொடுத்தவரின் உயிரோடு அதுவும் போய்விடும். அவர் இறந்த பிறகு, அன்றைக்கே ஆனாலும், அந்தப் பவரை வைத்துப் பதிந்த கிரயம் வழக்குக்குத்தான் வழி. பவரை வைத்து உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தீர்த்துவைத்தது.

பூர்வீகச் சொத்தையும் இப்படி எழுதிக் கொடுக்கலாமா?

உங்கள் பங்கை உயிலில் எழுதலாம். மொத்தச் சொத்தையும் அப்பா ஒரு பிள்ளைக்குத் தானம் எழுதினால் மற்றவர்கள் போய் உடைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் 1989லேயே, அப்போது கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பங்கு வந்தது. 2005 மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு கல்யாணம் ஆனவர்களுக்கும் பங்கு உண்டு. "பொண்ணுங்களுக்கு நகை போட்டாச்சு" என்பது சட்டத்தில் பதிலாகாது. பாகப்பிரிவினை போட்டுவிட்டு, அவரவர் பங்கை அவரவர் விருப்பப்படி செய்துகொள்வதே நல்லது.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு?

முஸ்லிம்களுக்குப் புரொபேட் கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. ஹிபா எனும் தானத்தை வாய்மொழியாகவே கொடுக்கலாம். அறிவிப்பு, ஏற்பு, சுவாதீனம் ஒப்படைப்பு மூன்றும் நடந்திருக்க வேண்டும். பின்னால் எழுதிவைத்த தாள் பதியப்படவில்லை என்பதற்காக ஹிபா செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2011ல் சொன்னது. இருந்தாலும் பட்டா மாற்றவும் விற்கவும் பதிவுப் பத்திரம் இருப்பது நிம்மதி. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

கிறிஸ்தவர்களுக்குப் புரொபேட் கட்டாயம் 2002லேயே விலகியது. உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக.

வரி ஏதாவது வருமா?

சாவு வரி என்று மக்கள் சொல்லும் எஸ்டேட் டியூட்டி 1985ல் ஒழிந்தது. பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி, உடன்பிறந்தோர் போன்ற உறவினரிடமிருந்து தானமாக வந்தாலும், உயில் வழியாக வந்தாலும் வாங்குகிறவருக்கு வருமான வரி கிடையாது. பிறகு விற்கும்போது மூலதன ஆதாயத்துக்கு உண்டு, அப்பா வாங்கிய விலையை அடிப்படையாக வைத்து. மனைவிக்கு எழுதிக்கொடுத்த வீட்டின் வாடகையை மட்டும் கணவரின் வருமானத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். வீடு எங்களுடையதுதானே?

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்கிறது. சொத்து யாருடையது என்று சொல்வதில்லை. பட்டாவும் அப்படித்தான். இன்னொன்று, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்வது: நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று. அது வங்கிப் பணம், பங்குகள் போன்றவற்றுக்கு. வீட்டுக்கு அது பொருந்தாது.

இதையெல்லாம் கேட்ட பிறகு உயிலே எழுதலாம் என்று தோன்றுகிறது. கோர்ட்டுக்குப் போகாமல் அது நிற்க என்ன செய்ய வேண்டும்?

எனக்கும் பல குடும்பங்களுக்கு அதுதான் சரி என்று தோன்றும். ஒரே வீடுதான் இருக்கிறது, ஓய்வூதியம் இல்லை, பிள்ளைகள் வேறு ஊரில் என்றால், வீடு கடைசிவரை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் கொஞ்சம் அலைந்தால் பரவாயில்லை.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அல்லது இது உங்கள் கையெழுத்து என்று நீங்களே சொல்லக் கேட்டு, உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட வயது குறைந்தவர்களாகப் பாருங்கள். பின்னால் தகராறு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும், எண்பது வயது நண்பர் அதற்கு இருப்பாரா? மருத்துவரின் சான்று ஒன்று வாங்கி இணைத்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைவாக எழுதினால் ஏன் என்று இரண்டு வரி காரணம் எழுதுங்கள். "இளையவனுக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு 2012ல் மனையை விற்றுச் செலவு செய்தேன்" என்பது மாதிரி. எக்ஸிகியூட்டர் பெயரையும் போட்டுவிடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்யுங்கள். பதிந்த உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது. நீங்கள் இருக்கும்வரை அதன் நகலை வேறு யாரும் வாங்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு இப்போதே தெரியக்கூடாது என்று நினைக்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. மாற்ற நினைத்தால் புதிதாக ஒன்று எழுதலாம், கடைசி உயில்தான் செல்லும்.

அதன் அசல் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்த உயில் ஒன்று, பாகப்பிரிவினை பதிந்து மூன்று வருடம் கழித்து, பீரோவைப் பழைய சாமான்காரரிடம் போடும்போது என் கட்சிக்காரர் ஒருவர் வீட்டில் கிடைத்தது. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.